சமையலறையைப் புதுப்பிக்க நாமே ஆள் வைப்பதா, ஒப்பந்ததாரரிடம் விடுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் கட்டிப் பத்து, பதினைந்து ஆண்டுகளாகிவிட்ட வீட்டில் சமையலறையை மட்டும் மாற்றியமைக்க விரும்புவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. எண்பது முதல் நூறு சதுர அடி வரையுள்ள, ஒரு குடும்பம் அன்றாடம் சமைக்கும் அறையை மனத்தில் வைத்தே இது எழுதப்பட்டுள்ளது.

இந்த வேலையை எந்தெந்த விதங்களில் செய்விக்கலாம்?

நடைமுறையில் மூன்று விதங்கள் உள்ளன. சிமெண்ட், டைல்ஸ், கிரானைட், பிளைவுட், குழாய், ஒயர் அனைத்தையும் வீட்டுக்காரரே கடையில் வாங்கிப் போட்டு, கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர் ஆகியோரைத் தனித்தனியே அமர்த்தி வேலை வாங்குவது முதல் விதம். பொருளை நாம் வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் ஒரு மேஸ்திரியிடம் மொத்தமாகப் பேசிவிடுவது இரண்டாவது விதம். இதை லேபர் காண்ட்ராக்ட் என்பார்கள். பொருள், கூலி இரண்டையும் ஒப்பந்ததாரரிடமோ, அலமாரிகளைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தும் மாடுலர் கிச்சன் நிறுவனத்திடமோ ஒப்படைத்துவிடுவது மூன்றாவது விதம்.

"நாங்களே செய்தோம்" என்று சொல்கிறவர்களில் கரணை பிடித்துத் தாமே டைல்ஸ் பதித்தவர்கள் மிகச் சிலர்தான். மற்றவர்கள் முதல் விதத்தில் செய்தவர்கள். எனவே நமக்குக் கைத்திறன் இருக்கிறதா என்பதைவிட, மேஸ்திரியின் வேலையை நாம் பார்க்க முடியுமா என்பதே இங்கு முதன்மையான கேள்வி. காலையில் ஆள் வந்தவுடன் அன்றைய வேலையைச் சொல்வது, மணல் தீர்ந்தால் நண்பகலுக்குள் தருவிப்பது, பிளம்பர் முடிக்காமல் கொத்தனார் சுவரை மூடிவிடாமல் தடுப்பது, சொன்ன நாளில் வராத தச்சரைப் பிடித்து இழுத்து வருவது எல்லாம் அந்த வேலையில் அடங்கும். ஒப்பந்ததாரர் வாங்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி இதற்கான கூலிதான்.

முடிவெடுக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

சிங்க், அடுப்பு, பிளக் பாயிண்டுகள் ஆகியவை இருந்த இடத்திலேயே இருக்கப் போகின்றனவா, இடம் மாறப் போகின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மேடைக்கல், டைல்ஸ், அலமாரிக் கதவு, வண்ணம் ஆகியவற்றோடு வேலை முடிந்துவிடும் என்றால், வீட்டில் ஒருவர் பகலில் இருக்கக்கூடிய குடும்பம் தாராளமாகத் தானே ஆள் வைத்துச் செய்துகொள்ளலாம். பிழை நேர்ந்தாலும் அது கண்ணுக்குத் தெரியும். தெரிந்தவுடன் சரிசெய்ய வைக்கலாம்.

சிங்க்கை எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோவது, கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையிலுள்ள சுவரை எடுப்பது, பழைய இரும்புக் குழாய்களை முழுவதும் பிடுங்கிவிட்டு சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் போடுவது போன்றவை திட்டத்தில் இருந்தால் நிலைமை வேறு. சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் மறையும் வேலையில் நேர்ந்த தவறு பல மாதங்கள் கழித்தே வெளிப்படும். அப்போது பதித்த டைல்ஸையே உடைக்க வேண்டியிருக்கும். இத்தகைய வேலைக்குப் பொறுப்பேற்று, கூப்பிட்டால் திரும்பி வரக்கூடிய ஒருவர் தேவை. ஆகவே மறையும் வேலை மிகுதியாக இருந்தால் ஒப்பந்ததாரர், தெரியும் வேலை மிகுதியாக இருந்தால் நாமே என்பது என் பரிந்துரை. கணவன், மனைவி இருவரும் அலுவலகம் செல்ல, வீட்டில் பெரியவர்களும் இல்லாத குடும்பம், வேலை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் முதல் விதத்தைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நல்லது. கைப்பேசி வழியாகக் கொத்தனாரிடம் வேலை வாங்க முடியாது.

எந்த நிலையிலும் சொந்தக் கையால் செய்யக் கூடாத வேலைகள் எவை?

மின்சாரம், எரிவாயு ஆகிய இரண்டும்.

பழைய சமையலறைகளில் மிக்சி, கிரைண்டருக்கென்று ஓரிரண்டு பாயிண்டுகள்தான் இருக்கும். இன்று 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 1200 வாட் மைக்ரோவேவ், 1500 வாட் கெட்டில் மூன்றும் ஒரே வேளையில் ஓடினால் மொத்தம் 4700 வாட். 230 வோல்ட்டில் அது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அத்தனையையும் ஒரே பழைய லைனில் கோத்து, நீட்டிப்புப் பெட்டி வழியாக ஓட்டுவது, சுவருக்குள் இருக்கும் ஒயரைச் சூடேற்றிக்கொண்டே இருப்பதாகும். விளக்குக்கு 1.5, சாதாரணப் பிளக்குக்கு 2.5, அதிக மின்சாரம் இழுக்கும் சாதனத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. இண்டக்‌ஷன், ஓவன் போன்றவற்றுக்கு 16 ஆம்பியர் பிளக்கும் தனித்தனி லைனும் கேளுங்கள். ஈரக் கையோடு புழங்கும் அறை என்பதால் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்க வேண்டும். இந்த வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு போதவில்லை என்றால், அதைக் கூட்டுவதற்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

எரிவாயுவைப் பொறுத்தவரை, அழகுக்காகச் சிலிண்டரை ஒளித்துவைப்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். எனவே மேடைக்குக் கீழ் கதவு போட்ட அறைக்குள் சிலிண்டரை வைப்பதானால், கதவின் அடிப்பகுதியில் காற்றுப்புழை கட்டாயம் வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சுவரைத் துளைத்துக்கொண்டோ அலமாரிக்குப் பின்னால் மறைந்தோ அது செல்லக் கூடாது. கம்பி வலை பொதிந்த சுரக்‌ஷா குழாயையும் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிலிண்டரை வெளியே வைத்துச் செப்புக் குழாய் வழியாக எரிவாயுவைக் கொண்டுவர விரும்பினால், பிளம்பரிடம் போகாமல் எரிவாயு ஏஜென்சி மூலமாகவே செய்யுங்கள். கசிவு ஏற்பட்டால் அழைக்க வேண்டிய எண் 1906.

அப்படியானால் நம் கையாலேயே செய்யக்கூடியது எதுவுமே இல்லையா?

இருக்கிறது. சாமான்களை ஒதுக்கிப் பழைய அலமாரிகளைக் கழற்றுவது, சுவரைச் சுரண்டித் தேய்த்து வண்ணம் அடிப்பது, கைப்பிடி மாற்றுவது, கீல் தளர்ந்த கதவைச் சரிசெய்வது, சிங்க்கைச் சுற்றி சிலிக்கோன் பூசுவது எல்லாம் கருவிகளைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் ஒரு வார இறுதியில் முடிக்கக்கூடியவை. ஆனால் பழைய கடப்பைக்கல் மேடையை உடைக்கும் வேலையை இவற்றோடு சேர்க்காதீர்கள். கல் விழும் திசையைக் கணிப்பதற்குப் பழக்கம் வேண்டும்.

அடுக்ககத்தில் இருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை என்ன?

தனி வீட்டில் செய்யும் தவறு நம்மோடு போகும். அடுக்ககத்தில் அது கீழ் வீட்டுக் கூரையில் ஈரத்திட்டாக இறங்கும். அதனால்தான் அடுக்ககத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றுவதற்கு நான் ஒப்பந்ததாரரையே சொல்வேன். சங்கத்துக்கு எழுத்துமூலம் தெரிவிப்பது, வேலை செய்யலாம் என்று அவர்கள் குறித்திருக்கும் நேரத்துக்குள் வேலையை முடிப்பது, லிஃப்டில் மணல் மூட்டை ஏற்றலாமா என்று கேட்டுக்கொள்வது ஆகியவை நடைமுறை மரியாதைகள். இவற்றைத் தவறவிட்டால் பாதி வேலையில் காவலாளி ஆட்களை வாயிலிலேயே நிறுத்திவிடுவார்.

இதைவிட முக்கியமானது சுவரின் தன்மை. செங்கல் அல்லது பிளாக் சுவரில் காடி வெட்டிக் குழாயையும் ஒயரையும் பதிக்கலாம். அண்மைக் காலத்துப் பெரிய குடியிருப்புகள் பலவற்றில், மைவான் எனப்படும் அலுமினியப் பலகை முறையில் சுவர்களையே கம்பி கட்டிய கான்கிரீட்டாக வார்த்திருக்கிறார்கள். அந்தச் சுவர் கட்டடத்தின் எடையைத் தாங்குவது. அதில் காடி வெட்டுவது கம்பியை அறுப்பதில் போய் முடியும். தட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கட்டுநர் கொடுத்த வரைபடத்தைப் பாருங்கள், அல்லது கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் காட்டுங்கள். தூண், உத்தரம், தளம் ஆகியவற்றில் கை வைப்பதற்கு எந்த மேஸ்திரி "ஒன்றும் ஆகாது சார்" என்று சொன்னாலும் இணங்காதீர்கள்.

புதிய அடுக்ககம் என்றால் இன்னொன்றும் உண்டு. ரெரா எனப்படும், 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்தால், கட்டுநர் தம் செலவில் அதைச் சரிசெய்து தர வேண்டும். அந்தக் காலத்துக்குள் நாமே குழாயை மாற்றி, பிறகு ஈரம் தெரிந்தால், "நீங்கள் உடைத்ததால் வந்தது" என்று சொல்ல அவருக்கு வழி கிடைத்துவிடும். ஒன்றிரண்டு ஆண்டுகள் பொறுத்துச் செய்ய முடிந்தால் பொறுப்பது நல்லது. முடியாவிட்டால், உடைப்பதற்கு முன்பிருந்த நிலையைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

ஒப்பந்ததாரரிடம் விட்டால் செலவு எவ்வளவு கூடும்?

ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் ஒரே விழுக்காட்டைச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் எங்கெங்கே கூடுகிறது என்பதைச் சொல்லலாம். முதலாவது, அவருடைய மேற்பார்வைக் கூலியும் லாபமும். இரண்டாவது, வரி. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற ஒப்பந்ததாரர் பொருளும் கூலியும் சேர்ந்த வேலைக்கு 18 விழுக்காடு வரி சேர்ப்பார். 2 லட்சம் ரூபாய் வேலைக்கு அது 36,000 ரூபாய். அவர் சொல்லும் தொகை வரியோடு சேர்த்ததா, வரி தனியா என்று முதல் பேச்சிலேயே கேளுங்கள். கடைசியில் பில் வேண்டாம் என்றால் வரி இல்லை என்று ஆசை காட்டுவார்கள். பில் இல்லாத வேலைக்குப் பின்னாளில் உத்தரவாதமும் இருக்காது, வழக்குக்கு ஆதாரமும் இருக்காது.

மறுபக்கம், நாமே செய்வதில் கணக்கில் ஏறாத செலவுகள் இருக்கின்றன. ஒருவர் எடுக்கும் விடுப்பு, ஆள் வந்து பொருள் இல்லாமல் திரும்பும் நாளின் கூலி, குறைவாக வாங்கி மீண்டும் கடைக்குப் போகும் வண்டிச் செலவு, அளவு தவறி வெட்டிய கல் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் மிச்சப்படுவது நினைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும். எனினும் மிச்சம் ஒன்றும் இல்லை என்று சொல்லமாட்டேன். பொருளின் தரம் முழுவதும் நம் கையில் இருப்பதுதான், பணத்தைவிடப் பெரிய ஆதாயம்.

கொட்டேஷனை எப்படிப் படிப்பது?

ஒப்பந்ததாரரைத் தேடும் பெரும்பாலோர் தவறவிடும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மாடுலர் கிச்சனுக்குச் சதுர அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். 10 அடி நீள மேடையின் கீழ் அலமாரி இரண்டரை அடி உயரம் என்றால் 25 சதுர அடி, மேல் அலமாரி 2 அடி உயரம் என்றால் 20 சதுர அடி, ஆக 45. இது முகப்புப் பரப்பு மட்டும். சிலர் இதன் மீது பக்கப் பலகைகளையும் பரணின் கதவையும் தனியாக அளந்து சேர்ப்பார்கள். கம்பிக் கூடை, டிராயர் சேனல், மூலை அலமாரியின் சுழல் தட்டு ஆகியவை வேறு கணக்கு. ஒருவர் சதுர அடிக்குக் குறைவாகச் சொல்வதை வைத்து அவரிடம் மலிவு என்று நினைக்கக் கூடாது. மொத்தத் தொகையையும், அதில் அடங்கிய ஒவ்வொரு பொருளையும் எழுதி வாங்கி ஒப்பிட வேண்டும்.

மேடைக்கல்லிலும் இதே கதை உண்டு. எல் வடிவ மேடையில் ஒரு சுவர் 10 அடி, மறு சுவர் 8 அடி, அகலம் 2 அடி என்றால், இரண்டையும் தனித்தனியே அளந்து 36 சதுர அடி என்பார்கள். மூலையில் உள்ள 4 சதுர அடி இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது, உண்மையில் 32தான். கல் வெட்டும்போது சேதாரம் உண்டு என்பது சரி, ஆனால் அதைச் சேதாரம் என்று சொல்லியே வாங்கட்டும். விளிம்பை உருட்டித் தேய்ப்பதற்கு ரன்னிங் அடி, அதாவது நீள அடிக் கணக்கிலும், சிங்க்குக்குத் துளை வெட்டுவதற்குத் தனியாகவும் கூலி வரும்.

பிளைவுட் என்ற இடத்தில் "நல்ல கம்பெனி பிளைவுட்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். சமையலறைக்கு, குறிப்பாகச் சிங்க்கின் கீழ்ப்பகுதிக்கு, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரநிலை குறித்த பலகையைக் கேளுங்கள். கொதிநீரில் 72 மணி நேரச் சோதனையைத் தாங்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் நிபந்தனை. ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுப் பலகை, அதிலேயே எம்.ஆர். என்ற வகை ஈரத்தை மட்டும் ஓரளவு தாங்கும், நின்ற தண்ணீரைத் தாங்காது. பலகையில் அச்சிட்டுள்ள உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். பெட்டிக்கு 18 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறதா, கீல், சேனல் எந்தப் பிராண்ட், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பனவும் தாளில் இருக்க வேண்டும்.

மாடுலர் கிச்சன் நிறுவனம் எல்லாவற்றையும் செய்து தராதா?

பெரும்பாலும் அவர்கள் அலமாரியையும் அதைச் சார்ந்தவற்றையும்தான் செய்வார்கள். பழைய மேடையை இடிப்பது, குழாய், ஒயர், பூச்சு, டைல்ஸ் ஆகியவற்றை "சிவில் வேலை, உங்கள் பொறுப்பு" என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆகவே மாடுலருக்குப் பணம் கட்டிவிட்டு, கூடவே கொத்தனாரையும் தேட வேண்டிய நிலை வரும். இரு தரப்புக்கும் இடையில் மேடையின் உயரத்தில் ஓர் அங்குலம் பிசகினாலும் ஆளாளுக்கு மற்றவரைக் கை காட்டுவார்கள். சிவில் வேலை முடிந்து டைல்ஸ் பதித்த பிறகே இறுதி அளவு எடுக்கச் சொல்லுங்கள்.

நம் ஊர்க் கொத்தனார்கள் காலங்காலமாகச் செய்துவரும் இன்னொரு முறையை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். கிரானைட் மேடைக்குக் கீழே கடப்பைக்கல்லை நிறுத்தித் தடுப்புகளும் தட்டுகளும் அமைத்து, முன்னால் கதவு மட்டும் போட்டுவிடலாம். பெட்டியே மரம் இல்லை என்பதால் கரையானுக்கும் கசிவுக்கும் பயமில்லை. பத்து ஆண்டு கழித்துச் சலித்துப்போனால் கதவை மட்டும் மாற்றலாம். இழுவை டிராயர்களும் கூடைகளும் இதில் அவ்வளவு நேர்த்தியாகப் பொருந்தாது என்பது குறை. தாமே ஆள் வைத்துச் செய்கிறவர்களுக்கு இது மிகவும் ஏற்ற முறை என்பது என் கருத்து. விளம்பரம் செய்ய ஆள் இல்லாததால்தான் இதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

நாமே ஆள் வைத்தால் வேலைகளை எந்த வரிசையில் நடத்துவது?

இடிப்பு முதலில். அதன்பின் குழாய்க்கும் ஒயருக்கும் காடி வெட்டிப் பதிப்பது. சுவரை மூடுவதற்கு முன் இரண்டு காரியங்களைச் செய்தே ஆக வேண்டும்: குழாயின் வாய்களை அடைத்து, அழுத்தத்தோடு தண்ணீர் நிரப்பி, குறைந்தது ஒரு நாள் கசிவு பார்ப்பது, எல்லாச் சுவர்களையும், அளவு நாடாவை விரித்து வைத்துப் படமெடுப்பது. பின்னாளில் சிம்னிக்கோ அலமாரிக்கோ துளை போடும்போது குழாய் எங்கே போகிறது என்று அந்தப் படம்தான் சொல்லும்.

பிறகு பூச்சு. பூசிய சுவருக்கு ஒரு வாரமாவது தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒப்பந்ததாரராக இருந்தாலும் கொத்தனாராக இருந்தாலும் அவசரத்தில் முதலில் கைவிடுவது இதைத்தான், அதனால் இதை வீட்டார் தம் பொறுப்பில் வைத்துக்கொள்வது உத்தமம். அடுத்துத் தரை, மேடைக்கல், மேடைக்கு மேல் சுவர் டைல்ஸ் என்ற வரிசையில் போக வேண்டும். மேடையைப் பதித்த பிறகு சுவர் டைல்ஸ் கல்லின் மீது வந்து அமர்ந்தால்தான் இணைப்பில் தண்ணீர் இறங்காது. டைல்ஸைக் கணக்கைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக, ஒரே தொகுதி எண்ணுள்ள பெட்டிகளாக வாங்குங்கள். பின்னால் வாங்கினால் நிறம் சேராது. பிரிக்காத பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் முன்பே பேசிக்கொள்ளலாம். அடுப்புக்குப் பின்புறம் டைல்ஸ் இடுக்குகளை எபாக்ஸி கிரவுட் என்ற பிசின் கலவையால் அடைத்தால் மஞ்சள் கறை ஏறாது.

இதற்குப் பிறகே தச்சு வேலை, சிங்க், குழாய்முனை, சிம்னி, கடைசி வண்ணம். சிங்க் பொருத்தியதும் அதை முழுவதும் நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டு, கீழே உட்கார்ந்து ஒவ்வோர் இணைப்பையும் தடவிப் பாருங்கள். பிளம்பர் கிளம்புவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

மேடை, சிம்னி ஆகியவற்றின் அளவை யார் முடிவு செய்வது?

சமைப்பவர். கொத்தனார் வழக்கமாக வைக்கும் 32 அல்லது 33 அங்குல உயரம் எல்லாருக்கும் பொருந்தாது. சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே மேடை இருப்பது வசதி. உயரமானவர் என்றால் 34 அல்லது 35 ஆகலாம். கிரைண்டரில் மாவு அள்ளும் இடம் தாழ்வாக இருந்தால்தான் தோள் வலிக்காது என்பதால், அதற்குத் தனித் தாழ்மேடை கேட்பவர்களும் உண்டு, நல்ல யோசனைதான். அகலம் 24 அங்குலம். அடுப்புக்கும் சிம்னிக்கும் இடையில் பொதுவாக 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை இடைவெளி விடச் சொல்வார்கள். வாங்கும் சிம்னியின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் தாளிப்புக்கு, புகையை வெளியே தள்ளும் குழாயுள்ள சிம்னிதான் சரிப்படும். அந்தக் குழாய் குட்டையாகவும் வளைவு குறைவாகவும் இருக்க வேண்டும். ஆகவே சுவரில் துளை எங்கே என்பதை டைல்ஸ் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

வாஸ்துவுக்காக அடுப்பை இடம் மாற்றலாமா?

நம்பிக்கை அவரவருடையது. அடுப்பைத் தென்கிழக்கு மூலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால், அதோடு சிம்னித் துளையும், சிலிண்டரின் இடமும், பெரும்பாலும் சிங்க்கும் நகரும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். அப்போது இது சிறிய வேலையாக இருக்காது. மேலே சொன்னபடி ஒப்பந்ததாரரை நாட வேண்டிய வேலையாகிவிடும்.

எந்த மாதத்தில் தொடங்குவது நல்லது?

ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்ப்பது நல்லது. பூச்சு உலராது, மரம் ஈரம் உண்டு உப்பும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உள்ளூர் ஆட்கள் ஊருக்குப் போவார்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் ஹோலி, சத் பூஜை ஆகியவற்றுக்குப் போனால் திரும்பும் நாளை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆடியில் புதிய வேலைகளைத் தொடங்கத் தயங்கும் வழக்கம் இருப்பதால், ஆட்கள் எளிதாகக் கிடைப்பார்கள், பேரம் பேசவும் இடம் உண்டு. தயக்கம் இல்லாதவர்கள் அந்த மாதத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வேலை நடக்கும்போது சமைப்பது எப்படி? இடித்த கழிவை எங்கே போடுவது?

கூடத்திலோ பால்கனியிலோ ஒரு மேசையில் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்து ஒப்பேற்றலாம். சிலிண்டரைப் படுக்கையறைக்குள் கொண்டுபோக வேண்டாம். பாத்திரம் கழுவுவதற்குத்தான் உண்மையில் திண்டாட்டம் என்பதால், பழைய சிங்க்கைக் கடைசி நாள் வரை கழற்றாதீர்கள்.

ரப்பீஸை யார் அகற்றுவது என்பது ஒப்பந்தத்தில் தனி வரியாக இருக்க வேண்டும். தெருமுனையில் கொட்டினால் மாநகராட்சி அபராதம் விதிக்கும்; கொட்டியவர் ஓட்டுநராக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியது வீட்டுக்காரர். சென்னையில் இருப்போர் மாநகராட்சியின் 1913 எண்ணில் விவரம் கேட்கலாம்.

பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

வேலை எப்போதும் பணத்துக்கு ஓரடி முன்னால் இருக்க வேண்டும். கொத்து வேலைக்கு முன்பணம் சிறிதாகவும், குழாய்ச் சோதனை முடிந்ததும் ஒரு பகுதி, மேடையும் டைல்ஸும் முடிந்ததும் ஒரு பகுதி என்றும் பிரித்துக்கொண்டு, பத்தில் ஒரு பங்கையாவது எல்லாம் முடிந்து இரண்டு வாரம் புழங்கிய பிறகு தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். மாடுலர் நிறுவனங்கள் தொழிற்சாலையில் வெட்டத் தொடங்கும் முன் பாதிக்கு மேல் கேட்பார்கள். நம் அளவுக்கென்றே அது செய்யப்படுவதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் முழுத் தொகையையும் பொருள் வீட்டுக்கு வருவதற்கு முன் தர வேண்டாம். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். நடுவில் சேர்க்கும் ஒவ்வொரு வேலைக்கும் விலையை வாட்ஸ்அப்பிலாவது எழுதி ஒப்புதல் வாங்குங்கள். சண்டைகளில் பெரும்பாலானவை இந்த "எக்ஸ்ட்ரா வேலை"யிலிருந்துதான் கிளம்புகின்றன.

ஒப்பந்ததாரர் பாதியில் விட்டுவிட்டால் என்ன செய்வது?

அடுத்த ஆளை உடனே உள்ளே விடாதீர்கள். நின்ற நிலையைப் படமும் காணொளியும் எடுத்து, முடிந்தால் பொறியாளர் ஒருவரிடம் மீதி வேலைக்கு மதிப்பீடு வாங்கி, குறிப்பிட்ட நாளுக்குள் முடித்துத் தருமாறு பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். நாம் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருக்கும் வழக்குகளை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதிடலாம். தனித்தனியே கூலிக்கு அமர்த்திய கொத்தனார் மீது இப்படிப் போவது ஏட்டளவில் முடியுமே தவிர, எழுத்தோ பில்லோ இல்லாத நிலையில் நடைமுறையில் பயன் தராது. அவர் விட்டுப்போனால் அன்றைக்கு நிற்கும் கூலிப் பாக்கியோடு கணக்கை முடித்துவிட்டு, அடுத்த கொத்தனாரைத் தேடுவதே குறைந்த நஷ்டம்.